கத்துகிற வண்டியும் காதுகுத்தும்

என் கார் கத்த ஆரம்பித்த வருடம் உத்தமபாளையம் ஸ்டாண்டில் ஒன்பது கார்கள் நின்றன. மற்ற எட்டு கார்களையும் ஜனங்கள் டிரைவரை வைத்து அடையாளம் சொன்னார்கள். என்னுடையதற்கு மட்டும் தனிப் பெயர். "சீக்கிரம் போகணும், அந்தப் பன்னிக்குட்டி வண்டி இருந்தாலும் சரி" என்று என் காதுபடவே கேட்பார்கள். இருந்தாலும் சரி என்ற அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பன்னிக்குட்டியைப் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கினால் எப்படிக் கத்துமோ அப்படித்தான் கத்தியது. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு கத்து. கியர் போட்டு மிதித்தால் ஒரு கத்து. முகப்பு விளக்கைப் போட்டால் சுருதி இன்னொரு கட்டை கூடும். சமதரையில் கொஞ்ச தூரம் ஓடினால் அடங்கும். இனி கத்தாது போலிருக்கிறது என்று நான் நிமிர்ந்து உட்காரும் நேரமாகப் பார்த்து, மேட்டில் மறுபடி ஆரம்பிக்கும்.

எதனால் கத்துகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. என் தங்கச்சி வீட்டுக்காரரால்தான்.

அவருக்குத் தேவாரத்தில் ஒர்க்ஷாப். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள்தான் அவருக்கு முக்கிய வேலை. பேச்சு குறைவு. நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைப்பார், அதுதான் பதில். நான் வாங்கிய நாளிலிருந்து அந்த வெள்ளை டீசல் வண்டியின் பானெட்டைத் திறந்த கை அவருடையது ஒன்றுதான். ஒரு வைகாசி மாதம் திங்கள்கிழமை வண்டியை அவரிடம் விட்டேன். ஆயில் மாற்றி, டைனமோவைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கொடுத்தார். பெல்ட் பழசாகிவிட்டது, அடுத்த வாரம் புதுசு வாங்கி வைக்கிறேன், வாருங்கள் என்றார். அதே வாரம் வெள்ளிக்கிழமை பெல்ட் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கத்தியது. திங்கள் தொட்டார், ஞாயிறு கத்துகிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். அது நான் அதிகமாகச் சொன்ன கதை. அந்த வருடம் உத்தமபாளையத்தில் அதைக் கேட்காதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள், இன்னொன்று என்னைக் கண்டதும் எதிர்ச்சாரிக்குப் போனவர்கள்.

கல்யாண சவாரி. மாப்பிள்ளையையும் அவருடைய அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சுருளிப்பட்டிப் பக்கம் பெண்வீட்டுக்குப் போகிறேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. கம்பம் தாண்டியதும் பானெட்டுக்குள் பட்டென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிகிறது. இறங்கிப் பார்த்தால், எஞ்சின் ஓட்டத்தில் தண்ணீர் பம்பையும் டைனமோவையும் சுற்ற வைக்கிற பெல்ட் அறுந்து செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது. அது இல்லாமல் போனால் எஞ்சின் கொதித்துவிடும். இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். வேறு ஒரு வண்டி கண்ணில் படவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "ஆத்தா, எம் மகனுக்கு மொத தடவையே இப்பிடியா" என்று தலையில் கை வைத்துவிட்டது.

பந்தலுக்குள்ளிருந்து மருந்தடிக்கிற மெஷின் சத்தம் கேட்டது. எஞ்சின் வைத்து, பெல்ட் போட்டு ஓட்டுகிற மெஷின். ஓடினேன். தோட்டக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தி, என்னமோ சொல்லிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதைக் கொண்டு வந்து மாட்டி, டைனமோவை இழுத்து வைத்து முடுக்கினால், அளந்து செய்த மாதிரி உட்கார்ந்தது. மாப்பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "எங்க குடும்பமே ஒன்னய மறக்காதுய்யா" என்றது.

குடும்பம் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது சொன்னேன். முதலில் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஆனி பிறந்தபோது அரை மணி ஆகியிருந்தது. ஆவணியில் பத்து நிமிடம்தான், மேளச் சத்தம் தோட்டம்வரை கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர்கள், "மருந்தடிக்கிற பெல்ட்டுல மாப்பிள்ளைய ஓட்டிட்டுப் போன ஆளுய்யா நீ" என்பார்கள். நானும் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

கதை முடிந்ததும் யாராவது கேட்பார்கள். "அது சரி, வண்டி ஏன் இப்பிடிக் கத்துது?"

"எங்க தேவாரத்து மாப்பிள்ளை கைய வச்சாரு. அன்னையிலருந்துதான்" என்பேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேட்டா வண்டி பழசும்பாரு."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பின்சீட்டில் ஏறுகிற யாருக்கும் எஞ்சினைப் பற்றி ஒரு கருத்து இல்லாமல் இருந்ததில்லை. கோம்பை டீக்கடைக்காரர் பெல்ட்டில் சோப்புத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். சோப்பு இருக்கும்வரை கத்தவில்லை. பிடில் வாசிக்கிற ஒருவர், வில்லுக்குப் போடுகிற மாதிரி குங்கிலியப் பொடி தூவினால் பிடிமானம் வரும் என்றார். தூவினேன். ஒரு நாள் நன்றாக இருந்தது, மறுநாள் முன்னைவிட ஒரு கட்டை மேலே கத்தியது. ஒரு அம்மா இறங்கும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "வண்டி வாங்குன நாளு என்ன கெழம?" என்று கேட்டது. செவ்வாய் என்றேன். "பெறகு என்னத்தக் கேக்குற" என்று போய்விட்டது.

ஆடி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று மலையைத் தாண்டி இறங்கும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. பதினைந்து நாள் வண்டியின் சத்தமே இல்லை. சரியாகிவிட்டது என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். காற்று நின்ற மறுநாள்தான் தெரிந்தது, சரியானது என் காது மட்டும் என்று.

மருந்தடிக்கிற பெல்ட்டும் தேய்ந்தது. நான் கவனமான ஆள். பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருந்த நம்பரை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு கடைக்குப் போய், அதே நம்பரில் புது பெல்ட் கேட்டு வாங்கி மாட்டினேன். அதனால் பிறகு எந்த மெக்கானிக்கிடம் போனாலும் அவர் பானெட்டைத் திறந்து முதலில் சொன்னது, "பெல்ட்டு புதுசு, அதுல ஒண்ணும் இல்ல" என்பதுதான். கம்பத்தில் ஒருவர் டைனமோ பேரிங்கை மாற்றினார். ஒரு வாரம் அமைதி. தேனியில் ஒருவர் நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தண்ணீர் பம்ப் என்றார். மாற்றினார். பத்து நாள் அமைதி. ஒவ்வொருவரும் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டு அனுப்பினார்கள். முடுக்க முடுக்க அடுத்த பேரிங் போனது.

"நீங்க பேசாம தேவாரத்துக்குக் கொண்டுபோயி அவருகிட்டயே காட்டுங்க" என்றாள் என் மனைவி.

"கெடுத்தவருகிட்டயே கொண்டுபோறதா?"

"கத்துறது வண்டியா நீங்களான்னு எனக்கே ராத்திரி பகலா ரோசனையா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையில் தங்கச்சி வந்தாள். வந்தவள் காப்பியைக் கூடக் குடிக்கவில்லை. "அண்ணே, நீ என்னென்னமோ சொல்லி வச்சிருக்கியே. அவுககிட்ட வந்துக்கிட்டிருந்த ரெண்டு ஜீப்புக்காரக போடிக்குப் போயிட்டாக. 'ஒங்க மச்சான் வண்டியே இந்த லெச்சணத்துல கத்துது, எங்க வண்டிய எப்பிடி விடுறது'ன்னு மொகத்துக்கு நேரா கேட்டுட்டுப் போயிருக்காக."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. இனிமே அந்த வண்டி பானெட்டத் தொடுறதில்லன்னாக. அம்புட்டுத்தான்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று ஒரு சொலவடை சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். "ஊர் வாயி இல்லண்ணே, ஒன் வாயி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வண்டி கத்திக்கொண்டுதானே இருந்தது. கத்துகிறவரை நான் சொன்னது உண்மைதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

தை மாதம் என் மருமகளுக்கு, அதாவது தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். இரண்டு வயதுப் பிள்ளை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. தாய்மாமன் சீர் கொண்டு போக வேண்டும், பிள்ளையை மடியில் வாங்க வேண்டும். ஒரு மனிதனுக்கு அவன் தங்கச்சி வீட்டில் கிடைக்கிற ஒரே நாற்காலி அந்த இடம்தான். அதற்காகவே நான் ஒரு வருடமாகப் பட்டு வேட்டியைப் பெட்டியில் வைத்திருந்தேன்.

முறைப்படி புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்து வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். தங்கச்சி மட்டும் வந்தாள். தட்டை வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவுக சொல்லிவிட்டதச் சொல்லுறேன். 'ஒங்க அண்ணன் வரட்டும். சீர் கொண்டாரட்டும். பிள்ளைய மடியில வைக்கட்டும். ஆனா நான் கெடுத்ததா ஊர் பூராம் சொன்ன வண்டி, சொந்தபந்தம் கூடி நிக்கிறப்ப என் வாசல்ல வந்து கத்தக் கூடாது. கத்துச்சுன்னா, ஜெயமங்கலத்துல ஒனக்கு இன்னொரு அண்ணன் இருக்காக. அவுக மடியும் மடிதான்.'"

ஜெயமங்கலத்து அண்ணன் என்பது எங்கள் பெரியப்பா மகன். என்னைவிட மூத்தவன், சாது. அவனிடம் கார் கிடையாது. மொபெட்தான். மொபெட் கத்தாது.

"பஸ்ஸுல போயிருவோம்" என்றாள் என் மனைவி. நியாயமான யோசனை. ஆனால் கார் ஸ்டாண்டில் நிற்கிறவன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் எட்டு டிரைவர்கள் பார்ப்பார்கள். கத்துகிறது என்று ஒப்புக்கொண்டு போவதும் பஸ்ஸில் போவதும் ஒன்றுதான். "அவரு வாசல்ல கொண்டுபோயி நிறுத்துவேன். கத்தாது" என்றேன். பங்காளிகள் ஆறு பேரிடமும் அதையே சொல்லி வைத்தேன்.

விசேஷ நாளன்று காலையில் பெல்ட்டில் அரைக்கட்டி சோப்பைத் தேய்த்தேன். அரிசி மூட்டை, வாழைத்தார், பித்தளை அண்டா எல்லாம் காரில். பெண்களும் தட்டுகளும் பங்காளிகளும் பின்னால் வேனில். உத்தமபாளையம் தாண்டினோம், கத்தவில்லை. கோம்பை தாண்டினோம், கத்தவில்லை. நான் மெதுவாகப் பாட ஆரம்பித்தேன். பண்ணைப்புரத்தில் சோப்பு தீர்ந்தது. தேவாரம் எல்லையில் இருக்கிற பிள்ளையார் கோயில்வரை வண்டி எனக்குப் பதிலாகப் பாடியது.

அங்கேதான் மேளக்காரர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். தாய்மாமன் சீரை அங்கிருந்து எதிர்கொண்டு அழைத்துப் போவது முறை. நான் எஞ்சினை நிறுத்தினேன். தங்கச்சி வீடு அங்கிருந்து மூன்று தெரு.

"வண்டிய இங்கனயே போட்டுட்டு நடந்துருவோம்" என்றாள் மனைவி.

"அரிசி மூட்டைய யாரு தூக்குறது? அண்டாவ யாரு தூக்குறது?"

"கௌரவத்த யாரு தூக்குறதுன்னு கேளுங்க" என்றாள்.

அதற்கும் ஒரு வழி இருந்தது. பங்காளிகளைக் கூப்பிட்டேன். முன்னால் மேளம். அடுத்து தட்டுகளோடு பெண்கள். அதற்குப் பின்னால் என் கார். உள்ளே பட்டு வேட்டியில் நான், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. பின்னால் பங்காளிகள் ஆறு பேர், வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளிக்கொண்டு. தேவாரம் மலையடிவாரத்து ஊர். தெரு லேசாக ஏறும். லேசாக என்று சொல்வது காருக்குள் இருந்தவன்.

வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா கூப்பிட்டுக் கேட்டது. "ஏலே, டீசல் போட வக்கில்லையா?"

"வண்டி மௌன விரதம் ஆத்தா" என்றான் தள்ளிக்கொண்டிருந்த ஒருவன், மூச்சு வாங்க.

இரண்டாவது தெருவிலேயே சேதி முன்னால் ஓடிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது பந்தல் முழுக்க எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் தங்கச்சி வீட்டுக்காரர், புது வேட்டியில், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு. நான் பிரேக்கைப் பிடித்து வாசலுக்கு நேராக நிறுத்தி இறங்கினேன்.

"என்ன மச்சான், தள்ளு வண்டியில சீரா?" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"கத்தக் கூடாதுன்னு சொல்லிவிட்டீக. கத்தல."

பந்தலில் சிரித்தார்கள். அவருக்கும் மீசை லேசாக அசைந்தது. ஆனால் அடக்கிக்கொண்டார். "கத்தாம வந்தது தள்ளுனவுக. வண்டி இன்னும் வரல. சாவியத் திருப்புங்க, கேப்போம்."

பந்தலுக்குள் பார்த்தேன். ஜெயமங்கலத்து அண்ணன் மணைப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சலவை வேட்டி, மடி சுருக்கமில்லாமல் இருந்தது. அவனுக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும், நான் பார்த்ததும் குனிந்து வேட்டி ஓரத்தை நீவிக்கொண்டான். தங்கச்சி கதவோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுக்க வழியில்லை. திருப்பினேன்.

தை மாதத்துக் காலைநேரம், காற்றில்லை. அந்தச் சத்தம் மலையில் போய் மோதித் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மேளக்காரரே மேளத்தின்மேல் கையை வைத்துவிட்டார். இடுப்பில் இருந்த பிள்ளை அழ ஆரம்பித்தது. நான் எஞ்சினை நிறுத்தினேன்.

"பானெட்டத் தொறங்க" என்றார். "நான் தொட மாட்டேன். நீங்களே தொறங்க."

திறந்தேன். அவர் பக்கத்தில் வந்து, பின்னால் கட்டிய கையைப் பிரிக்காமல், குனிந்து பார்த்தார். அம்மன் சிலையைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம். பிறகு நிமிராமலே கேட்டார். "மச்சான், இந்த பெல்ட்டு எங்கன வாங்குனீக?"

என் ஊரில் எல்லோரிடமும் சொன்ன கதை. எங்களுக்குள் பேச்சு இல்லாததால் அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னதில்லை. கேட்கிற ஜனமும் நூறு பேர் கூடியிருக்கிறது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெம்பு, ஆரம்பித்துவிட்டேன். கம்பம் தாண்டியதும் பட்டென்ற சத்தத்தைச் சொன்னேன். செத்த பாம்பைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா தலையில் கை வைத்ததை நடித்தே காட்டினேன். மேளம் கேட்கிறது, பத்து நிமிடம்தான் இருக்கிறது. தோட்டத்துக்குள் ஓடுகிறேன், மருந்தடிக்கிற மெஷின், தோட்டக்காரர் பெல்ட்டைக் கழற்றிக் கொடுக்கிறார்...

பந்தல் ரசித்துக் கேட்டது. ஒரு ஸ்பேனர் கூடக் கையில் இல்லாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கியதைச் சொல்லி, நெட்டி முறித்ததைச் சொல்லி, "அந்த பெல்ட்டு தேஞ்சதுக்குப் பெறகும் அதே நம்பர எழுதிக்கிட்டுப் போயி, அதே மாதிரி புதுசு..." என்று சொல்லிக்கொண்டு வரும்போது, அந்த வாக்கியத்தின் நடுவிலேயே நான் சொல்வது முதல்முறையாக என் காதிலேயே விழுந்தது. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. புதுசு என்ற சொல்லோடு கதை நின்றுவிட்டது.

"சொல்லுங்க மச்சான்" என்றார் அவர் ரொம்ப மரியாதையாக. "பெல்ட்டு குடுத்தவரு ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னார். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார். துண்டும் மருந்து வாசமுமாக அந்த மனிதர் கண்முன் வந்து நின்றார். "இது மெஷினு பெல்ட்டு. அகலம் கம்மி, வண்டிக்கு எளச்சது. கொண்டுபோயிச் சேத்த ஒடனே கழட்டிப்புட்டு சரியானதப் போடுங்க." முதல் இரண்டு தடவை கதை சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். எடுத்துவிட்டேன்.

"சொன்னாரு" என்றேன். "கழட்டிரச் சொன்னாரு."

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முதல்முறையாகக் கையைப் பிரித்து, தொடாமல், விரலால் காட்டினார். "பெல்ட்டு சுத்துற அந்தப் புல்லிச் சக்கரத்துப் பள்ளத்துல அடியப் பாருங்க. மினுமினுன்னு வெளக்கி வச்ச மாதிரி இருக்கா? அங்கன கருப்பாத்தான் இருக்கணும். பெல்ட்டு ரெண்டு பக்கச் சுவர கவ்வி ஓடணும். இது எளச்ச பெல்ட்டு, பள்ளத்துல அடியில போயி உக்காந்து வழுக்குது. வழுக்குறதுதான் கத்துது. நீங்க முடுக்குனா பேரிங் போகும். பெல்ட்டு கத்துறத யாரும் கேக்கல, எல்லாரும் நீங்க சொன்னதத்தான் கேட்டிருக்காக."

என் மனைவி என்னிடம் நெருங்கி வந்து, மெதுவாக, "கூடம் கோணலா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீகளா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணீரென்று சொன்னார், பின்வரிசையில் நின்றிருந்த இரண்டு ஜீப்புக்காரர்கள்வரை கேட்கும்படி. அவர்களை அவர் அழைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பேசத் தெரிந்தவன் என்று பெயர். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது இவ்வளவுதான். "தப்பு எம்மேலதான் மாப்ள. சொன்னதும் தப்பு, போட்டதும் தப்பு."

அவர் மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சொன்ன எடத்துலயெல்லாம் போயி இதச் சொல்லணும். ஒரு எடம் விடாம."

"சொல்லுறேன்."

"இதே மாதிரி நடிச்சுக் காட்டிச் சொல்லணும்."

"சொல்லுறேன்."

அவர் பந்தலுக்குள் திரும்பி, "அண்ணே, நீங்க எந்திரிச்சுப் பந்திப் பக்கம் கொஞ்சம் கவனிங்க" என்றார். ஜெயமங்கலத்து அண்ணன் அப்படி வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை. போகிறபோது என் தோளைத் தட்டிவிட்டு, "எனக்குக் காலு மரத்துப் போச்சுப்பா" என்றான்.

தங்கச்சி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவள் கை என் கையில் பட்டபோது ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். நான் பிள்ளையின் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். முதல் காதில் குத்தியதும் பிள்ளை போட்ட சத்தம் இருக்கிறதே, என் வண்டி தோற்றது. தங்கச்சி வீட்டுக்காரர் குனிந்து என் காதில் சொன்னார். "இதுக்கு பெல்ட்டு மாத்த முடியாது மச்சான். பிடிச்சுக்கங்க."

சாப்பாடு முடிந்ததும் பனியனோடு ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்து வந்தார். வைகாசியில் எனக்காக வாங்கி வைத்தது, காகிதம் பிரிக்காமல் அப்படியே ஆணியில் தொங்கியிருக்கிறது. மாற்ற அவருக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்தான் ஆனது. சாவியைத் திருப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பப் போனேன். "ஓடுது மச்சான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சொன்னபடி ஒவ்வொரு இடமாகப் போனேன். ஸ்டாண்டில் எட்டுப் பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். கோம்பை டீக்கடைக்காரர் கேட்டுவிட்டு, "சோப்பத் தேச்சதும் கத்தல பாருங்க, எனக்கு அன்னைக்கே பெல்ட்டு மேலதான் சந்தேகம்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்க சொல்ல விட்டீக" என்று டீயை ஆற்றினார். மாசி முடிவதற்குள் ஜீப்புகள் இரண்டும் தேவாரத்துக்குத் திரும்பிவிட்டன என்று தங்கச்சி சொல்லி அனுப்பினாள்.

கடைசியாகச் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குப் போனேன். ஒன்பது மாதம் கழித்து அவருக்கு ஒரு புது பெல்ட் வாங்கிக்கொண்டு, மருந்தடிக்கிற மெஷினுக்கு உரிய நம்பரில். அந்த நம்பர்தான் எனக்கு மனப்பாடம் ஆயிற்றே. தோட்டக்காரர் அதே துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலுக்குக் கீழே நின்றார். முதலிலிருந்து சொன்னேன். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"நீங்க கழட்டச் சொன்னீக. நான் கேக்கல" என்று முடித்தேன்.

அவர் பெல்ட்டை வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். "கேட்டீகய்யா. தலைய ஆட்டிக்கிட்டேதான் கேட்டீக" என்றார். "இந்தக் கதைய எங்கிட்டயே மூணு பேரு வந்து சொல்லியிருக்காக, இப்பிடி ஒரு தோட்டத்துல நடந்துச்சாம்னு. மூணுலயும் தோட்டக்காரன் பெல்ட்டக் குடுத்தான், வாயத் தொறக்கல. ஊமையின்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

"இனிமே நீங்க பேசுவீக" என்றேன்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அவர் மெஷின் பக்கம் நடந்தார்.